பத்து வரிக்கு மேல் போன பதில்

இயேசு மரி சூசை

மஞ்சப்பாறை எஸ்டேட், லோயர் டிவிஷன்.
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகள் இன்பமேரிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சளியைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம், சளியும் இந்த மழைக்கு டிவிஷன் முழுவதற்கும் பொது, நீ அந்த டெல்லிக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். முதலில் ஒரு மன்னிப்பு. என் எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், ஆனால் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன, நம் டிவிஷன் ரோடு மாதிரி ஏறுகின்றன, இறங்குகின்றன, வளைவு வந்தால் பெருத்துவிடுகின்றன, தாளின் ஓரம் வந்ததும் ஒன்றன்மேல் ஒன்று போய் விழுகின்றன. நான் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் உன் அம்மா சோறு வடித்துவிடுகிறாள். தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்ப வேண்டாம், அதற்கு இங்கே ஷீனா டீச்சர் இருக்கிறார்கள், நீ வாசித்தால் மட்டும் போதும்.

போனில் பேசலாமே என்று நீ கேட்பாய். போனில் நான் ஹலோ சொல்லி வாயை மூடுவதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். போன மாதமும் அப்படித்தான் ஆயிற்று. நீ சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. "அப்பா, கிறிஸ்துமஸுக்கு வரும்போது எல்லாத்தையும் கட்டிக்கிட்டு வந்துருதேன். அம்மாவுக்கு மே மாசத்தோட வேலை முடியுது, எஸ்டேட் வீட்டத் திருப்பிக் கேப்பாங்க. அம்மாவுக்குப் பதிலா நான் பேர் பதிஞ்சு கொழுந்து எடுக்கேன், வீடாவது நமக்கு மிஞ்சும்" என்றாய். அது முதல் காரணம். அப்புறம் மெதுவாகச் சொன்னாய், "இங்க கிளாஸ்ல தோட்டத் தொழிலாளின்னு யாரு வாயத் தொறந்தாலும் எல்லா மண்டையும் என் பக்கம் திரும்புதுப்பா. மத்த நேரம் நான் ஒருத்தி இருக்கேனான்னே யாரும் பாக்கல." அது இரண்டாவது காரணம். அதற்குள் அம்மா போனைப் பிடுங்கிவிட்டாள். பதில் இப்போதும் முழுதாக இல்லை. ஆனால் நீ போன பிறகு நானும் மாணவன் ஆகிவிட்டேன் அல்லவா, அதனால் உன் தொந்தரவு கொஞ்சம் எனக்கும் பிடிபடுகிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் எழுத்தறிவு வகுப்பு நடப்பது எஸ்டேட் கிரெஷில். வாரம் முழுவதும் வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற அதே அறை, ஞாயிறு மத்தியானம் மட்டும் கிழவர் கிழவிகளுக்கு. நாற்காலி எல்லாம் பிள்ளைகளுக்குச் செய்தது, சிவப்பும் மஞ்சளும். உட்கார்ந்தால் முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்து வருகிறது. முதல் நாள் நான் போனதும் முன்வரிசையில் உட்கார்ந்தேன், யாரும் உட்காரச் சொல்லவில்லை. பேக்டரியில் வேலை பார்த்தவன் மலையில் வேலை பார்த்தவர்களுக்குப் பின்னால் உட்காரலாமா என்று என் உடம்பே முடிவு செய்துவிட்டது. என்னோடு அதே வரிசையில் ரிட்டயர்ட் ஆன சூப்பர்வைசர்மார். துபாயில் மகன் உள்ளவர் பிளாஸ்க்கில் காப்பியோடு ஜன்னலோரம். கொழுந்து எடுக்கிற பெண்கள் கதவோரம், மலையில் நிரை பிடிக்கிற அதே வரிசையில், பூமாரிக்குப் பக்கத்தில் உன் அம்மா. ஆக, டீச்சர் வந்து போர்டில் ஒரு எழுத்து எழுதுவதற்கு முன்பே யார் கெட்டிக்காரர், யார் மண்டு என்பது தீர்மானமாகிவிட்டது. எழுத்துக்கு மட்டும் அது தெரியவில்லை. மழை தொடங்குவதற்குள் கதவோரத்து செபமாலையம்மாள், உன் அம்மாதான், பேப்பரை நிறுத்தாமல் வாசிக்கிறாள், முன்வரிசை சுவக்கீன் ஆகிய நான் பஸ் போர்டை வாசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடுகிறது. பெண்கள் உன் அம்மாவுக்கு ரேங்க் ஹோல்டர் என்று பேர் வைத்துவிட்டார்கள். என்னை ரேங்க் ஹோல்டர் வீட்டுக்காரர் என்கிறார்கள். முன்வரிசையை விட்டு நான் இன்னும் எழுந்திருக்கவில்லை, கௌரவம் என்று ஒன்று இருக்கிறது.

ஆனால் மாணவன் என்றால் யார் என்று எனக்குக் கற்றுத்தந்தது வகுப்பு அல்ல, பஸ். பைக்குள் புத்தகமும் சட்டைப் பையில் பேனாவும் வந்ததும் எனக்கு ஒரு துணிச்சல் வந்துவிட்டது, கீழே டவுனுக்குப் போகும்போது மலையாளக் கண்டக்டரிடம் மாணவர் கன்செஷன் கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அப்பச்சா, பிளஸ் டூவோ டிகிரியோ?" என்றான். எழுத்தறிவு வகுப்பு என்றேன். "யூனிபார்ம் எவிடே?" என்றான், பஸ் முழுக்கச் சிரிப்பு. சிரித்ததோடு விடவும் இல்லை, கன்செஷன் என்றால் வெளியே நில்லுங்கள், முழு டிக்கெட் ஆட்கள் எல்லாம் ஏறி, வண்டி கிளம்பும்போதுதான் நீங்கள் ஏற வேண்டும் என்றான். சரி, சட்டம் என்றால் சட்டம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மழையில் நின்றேன். ஒரு பெண் பிள்ளை, நீ பள்ளிக்கூடம் போன காலத்து உயரம், தன் குடையைப் பாதி என் பக்கம் சாய்த்து, "தாத்தா, அவசரப்படாதீங்க, பெல்லு அடிச்சப்புறம்தான் நம்மள ஏத்துவாங்க" என்றாள். நம்மள என்றாள், மகளே. உங்களை என்று சொல்லவில்லை. அன்று பாதி நனைந்து, ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு டவுன் போய்ச் சேர்ந்தேன், ஆனால் அந்த ஒரு சொல்லால் அன்றைக்கே நான் மாணவன் ஆகிவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அம்மா, "கெழவனுக்கு மண்டையில தண்ணி கோத்துக்கிச்சு" என்று தலையைத் துவட்டிவிட்டாள்.

அப்புறம் ஒரு நாள் கேமராவோடு சிலர் வந்தார்கள், வயதானவர்கள் படிப்பதை பேப்பரில் போட வேண்டுமாம். நான் பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையும் புதுக் கண்ணாடியும் போட்டுத் தயாராக இருந்தேன். கேமராக்காரப் பையனுக்கு என்னைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "தாத்தா, கொஞ்சம் பழைய சட்டை இல்லியா? தலையில ஒரு துண்டு கட்டுங்களேன்" என்றான். நாங்கள் எழுதுவது நோட்டில், அவன் எங்கிருந்தோ ஒரு சிலேட்டு கொண்டு வந்திருந்தான். பூமாரியின் முட்டாக்கை வாங்கித் தலையில் கட்டி, கண்ணாடியைக் கழற்றி, சிலேட்டைப் பிடித்துச் சிரித்தேன். பொய் சொல்லக் கூடாது, எனக்கு போட்டோ பிடிக்கும், சந்தோஷமாகவே சிரித்தேன். பேப்பர் வந்ததும் படத்துக்குக் கீழே இருந்ததை விரல் வைத்து வாசித்தேன். "எழுத்தைக் கண்டு சிரிக்கும் ஏழைத் தொழிலாளி" என்று இருந்தது. திரும்பவும் வாசித்தேன், நான் எதையாவது விட்டுவிட்டேனோ என்று. விடவில்லை. பேப்பரில் என் பேரை வாசிக்கிற அளவுக்குப் படித்துவிட்டேன், அந்த நேரம் பார்த்து என் பேர் அதில் இல்லை. அன்றைக்குத்தான் நீ சொன்ன திரும்புகிற மண்டைகள் எனக்கு விளங்கின. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அந்தப் பையனும் கெட்டவன் இல்லை, போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் போனான். முட்டாக்கு கட்டினால்தான் நம்மைத் தெரிகிறது அவர்களுக்கு, அவ்வளவுதான்.

இனி பரீட்சைக் கதை. இதை வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், உன் அப்பாவும் அம்மாவும் காப்பி அடித்துப் பிடிபட்டார்கள். சத்தியமாக எங்களுக்கு அது குற்றம் என்று தெரியாது. மலையில் என்ன வழக்கம் என்று உனக்குத் தெரியும், காய்ச்சலோடு வந்தவள், பிள்ளை உண்டாகி இருப்பவள், எவளுடைய சாக்கு குறைந்தாலும் எடை போடப் போவதற்கு முன் பக்கத்து நிரைப் பெண்கள் ஆளுக்கு இரண்டு கை கொழுந்து அதில் போட்டுவிடுவார்கள். சூப்பர்வைசர் அந்த நேரம் பார்த்து வானத்தைப் பார்ப்பார். குறைந்த சாக்கோடு ஒருத்தியை எடைக்கு அனுப்பினால் அது பக்கத்தில் நின்றவளுக்குத்தான் கேவலம். அதே கைப்பழக்கம் பரீட்சைக்கும் வந்துவிட்டது. உன் அம்மா எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால் பூமாரி தாள் பாதி வெள்ளை. உடனே ரேங்க் ஹோல்டர் தன் தாளை எடுத்து அவள் மடியில் வைத்து, நிதானமாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க, கதவோரம் முழுவதும் அங்கே கூடிவிட்டது. முன்வரிசையில் இருந்த நாங்கள் கௌரவம் பார்த்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, பிறகு நாற்காலியோடு எழுந்து போய்ச் சேர்ந்துகொண்டோம். மேற்பார்வைக்கு வந்திருந்த சார் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து, வாசலிலேயே நின்றுவிட்டார். "இதென்ன பரீட்சையோ சந்தையோ?" என்றார். உன் அம்மா எழுந்து நின்று, மரியாதையாகத்தான், "அவளுக்கு எடை கொறையுது சார், நாங்க பாத்துக்கிட்டு நிக்க முடியுமா?" என்றாள். ஷீனா டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள், அழுதார்களா சிரித்தார்களா என்று இன்றுவரை தெரியாது. எல்லார் தாளும் ரத்து. இன்னொரு நாள், சர்ச் ஹாலில், ஆளுக்கொரு பெஞ்ச், தள்ளித் தள்ளிப் போட்டு, திரும்பவும் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த ரத்துக்கும் மறு பரீட்சைக்கும் நடுவில்தான் நீ திரும்பி வரப்போகிற செய்தி ஊருக்குள் பரவியது. எப்படி என்று கேட்காதே, போனைப் பிடுங்கிப் பேசுகிறவளுக்குச் சத்தமாகத்தான் பேசத் தெரியும். முதலில் வந்தது யூனியன் குருசாமி. "புள்ள பாதியில வந்தா நம்ம மானம் என்னாவுறது அண்ணாச்சி? பிளெக்ஸுல என் படமும்ல இருக்கு" என்றார். ஜங்ஷனில் உனக்கு வைத்தார்களே, மண்ணின் மாணிக்கம் என்று, மேலே யூனியன்காரர்கள், கீழே சர்ச் இளைஞர்கள், ஓரத்தில் ஜெகன் டியூஷன் சென்டர் போன் நம்பர், நடுவில் ஐடி கார்டு போட்டோவில் நீ முழித்துக்கொண்டு இருப்பாயே, அது. வெயிலிலும் மழையிலும் உன் முகம் நீலமாகப் போய்விட்டது, குருசாமி மட்டும் நல்ல நிறமாகவே இருக்கிறார். அடுத்து ஜெகன் வந்தான். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு நீ அவனிடம் போனது ஒரே ஒரு ஓணம் லீவு, ஆனால் இன்றுவரை நீ அவனுடைய புராடக்ட். "அட்மிஷன் சீசன் முடியிற வரைக்குமாவது அவளை அங்க இருக்கச் சொல்லுங்க மாமா" என்றான். சர்ச்சில் உனக்காக ஒரு நவநாள் செபம் ஆரம்பித்திருக்கிறார்கள், உன் மனம் மாற என்றுதான் எல்லாரும் செபிக்கிறார்கள், எந்தப் பக்கம் மாற வேண்டும் என்பதில் மட்டும் அன்பியக் குழுவுக்குக் குழு கருத்து வேறு. பூமாரி ஒருத்திதான், "வரட்டுமே, எம் பக்கத்து நிரை சும்மாத்தான கெடக்கு" என்றாள், அதிலும் பாசம் பாதி, அடுத்த பரீட்சைக்கு ஆள் வேண்டும் என்பது பாதி. ஆளாளுக்குக் கடிதத்தில் இதை எழுது, அதை எழுது என்று சொன்னார்கள். நீ என்ன படிக்கிறாய் என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நானும் கேட்டதில்லை. அடுத்த முறை போனில் அதைச் சொல், அம்மாவிடம் சொல்லாதே, என்னிடம் சொல், புரியாவிட்டாலும் கேட்டுக்கொள்கிறேன்.

மறு பரீட்சை போன ஞாயிறு நடந்தது. சர்ச் ஹாலில் பெரிய பெஞ்ச், என் கால்கள் ரொம்ப நாளைக்குப் பிறகு நீட்டிக்கொண்டன, ஆனால் இடப்பக்கம் யாரும் இல்லை, வலப்பக்கம் யாரும் இல்லை. தாளைப் பார்த்தேன், தாள் என்னைப் பார்த்தது. தெரிந்த எழுத்தெல்லாம் மறந்துவிட்டது. உன் அம்மா எங்கேயோ தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு கிறுகிறுவென்று எழுதுகிறாள். மகளே, ஒரு மணி நேரத்துக்கே எனக்கு எழுந்து போய்விடலாம் என்று இருந்தது, நீ இப்படி எத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைத்தேன். கேள்விகளை ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தால் கடைசிக் கேள்வி, தொலைவில் இருக்கும் உங்கள் மகனுக்கோ மகளுக்கோ பத்து வரிகளில் கடிதம் எழுதுக. அதைப் பார்த்ததும் மற்றதெல்லாம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அன்பு மகள் இன்பமேரிக்கு என்று ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்டு, சளியைச் சொல்லி, கிரெஷ் நாற்காலியைச் சொல்லி, பஸ்ஸில் ஏறும்போது மணி அடித்துவிட்டார்கள். நான் தாளை விடவில்லை. ஷீனா டீச்சர் மெதுவாக என் விரலைப் பிரித்து எடுத்து, புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ட அப்பச்சா, பத்து வரிதானே கேட்டாங்க? மத்த கேள்வியெல்லாம் வெறுமனே கெடக்கே" என்றார்கள். பத்து வரியில் அடங்குகிற மகள் இல்லை டீச்சர் என்றேன். மிச்சப் பதில்தான் நீ இப்போது வாசிப்பது, அதற்கு மார்க் கிடையாது.

அந்த மிச்சத்தில் முக்கியமானது மூன்று விஷயம். வீட்டைப் பற்றி நீ கவலைப்படாதே. டவுனில் ஜோமோள் கடைக்கு மேலே இரண்டு அறை பார்த்துவிட்டோம், மே மாதம் அங்கே மாறுகிறோம். உன் அம்மாவுக்குத் துக்கம் இருக்கும் என்று நினைத்தேன், அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது என்று எனக்கு நாலு தடவை சொல்லிவிட்டாள், எந்தப் பாத்திரம் எங்கே என்பது வரை முடிவாகிவிட்டது. அதனால் வீட்டைக் காப்பாற்றத்தான் வந்தேன் என்று நீ யாரிடமும் சொல்ல முடியாது. அடுத்து, திங்கட்கிழமை நானே ஏணி வைத்து ஜங்ஷன் பிளெக்ஸைக் கழற்றிவிட்டேன். குருசாமி கீழே நின்றுகொண்டு, "அண்ணாச்சி, யூனியன் அனுமதி இல்லாம எறக்கக் கூடாது" என்று சத்தம் போட்டார். படிக்கிறது என் மகள், நீங்கள் வேண்டுமானால் உங்கள் படத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கத்திரிக்கோல் வாங்கி வந்து வெட்டிக்கொண்டுதான் போனார். மிச்சம் இப்போது நம் விறகுமேல் கிடக்கிறது, நல்ல கெட்டியான பிளெக்ஸ், ஒரு சொட்டு இறங்கவில்லை. உன் முகம் உள்ளே இருக்கும்படி திருப்பிப் போட்டிருக்கிறேன். "யாரும் பாக்கக் கூடாதுன்னா ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று உன் அம்மா கேட்டாள். வெளியே இருந்தால் இன்னும் வெளுத்துவிடும் என்றேன். அதனால் நீ வந்தால் ஜங்ஷனில் இறங்கும்போது உன் முகமே உன்னை முறைத்துக்கொண்டு நிற்காது. வராவிட்டால் அங்கே ஒரு பிளெக்ஸுக்காக இருக்க வேண்டியதும் இல்லை.

மூன்றாவதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். மலையில் நாம் எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொள்கிறோம், குறைந்த சாக்கை நிரப்புகிறோம், பரீட்சையைக் கூட விடவில்லை. ஆனால் காலையில் மஸ்டரில் பேர் கூப்பிடும்போது மட்டும் ஒருத்திக்காக இன்னொருத்தி குரல் கொடுக்க முடியாது, அவரவர்தான் இருக்கேன் என்று சொல்ல வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நீ பெட்டியோடு வந்தாலும் சரி, வெறும் கையோடு வந்துவிட்டுத் திரும்பிப் போனாலும் சரி, எங்கே நின்று இருக்கேன் என்று குரல் கொடுப்பது என்பதை நீயே சொல். நானும் அம்மாவும் ஊரும் உனக்காகச் சொல்லிச் சொல்லி உன் தொண்டையையே அடைத்துவிட்டோம் போலிருக்கிறது. ஒன்று மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய். அங்கேயும் மழையில் வெளியே நிற்கிற கன்செஷன் கூட்டம் ஒன்று எங்காவது இருக்கும், அதில் யாராவது உன்னைப் பார்த்து நம்மள என்று சொல்கிறார்களா என்று பார். யாரும் சொல்லாவிட்டால் நீ யாருக்காவது குடையைச் சாய்த்துப் பார். அதற்கும் பதில் இல்லை என்றால் வந்துவிடு, டவுனில் அறை இரண்டு இருக்கிறது, ஒன்று உனக்கு.

மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், சேசு உன் கூடவே இருக்கட்டும். இரவில் ஈரத்தலையோடு படுக்காதே, அம்மா அனுப்பிய ஏலக்காயை டீயில் போட்டுக் குடி, அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு, நம் ஊர் ஏலக்காய் என்று மட்டும் சொல், ஏழைத் தொழிலாளி கொடுத்தது என்று சொல்லாதே. என் பரீட்சை முடிவு இந்த வாரம் வருகிறது. வந்தாலும் வராவிட்டாலும் வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து உனக்கு எழுத ஆரம்பித்துவிடுவேன், பாஸானால் எழுத்து பெரிதாக இருக்கும், பெயிலானால் கொஞ்சம் சின்னதாக இருக்கும், அதை வைத்தே நீ தெரிந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
மி. சுவக்கீன், மாணவன்.